வீடியோவின் மேல் வரைந்து கார்ட்டூன் செய்யலாம்!

கார்ட்டூன் படம் செய்ய ஆசைப்பட்டு, ஒரு மனிதன் நடப்பதை வரையத் தொடங்கி, நான்காவது படத்திலேயே காகிதத்தைக் கசக்கிப் போட்டவர்கள் நம்மில் ஏராளம். நிற்கும் மனிதனை ஓரளவு வரைந்து விடலாம். அவன் கையைத் தூக்கும்போது தோள் எவ்வளவு உயரும், தலை எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் பல வருடம் பயிற்சி செய்தவர்களுக்கே பிடிபடும்.

ஆனால் ஓவியப் பயிற்சி இல்லாதவர்களும் உயிருள்ள அசைவைக் கொண்டு வர ஒரு வழி இருக்கிறது. ஒருவர் அசைவதை வீடியோ எடுத்து, அதன் ஒவ்வொரு ஃபிரேமின் மேலும் கோடு போட்டு வரைவதுதான் அது. இதற்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர். ஒரு செல்ஃபோன் கேமரா, ஒரு சாதாரண கம்ப்யூட்டர், ஓர் இலவச சாஃப்ட்வேர் ஆகிய மூன்றும் போதும். என் அம்மா காபி ஆற்றும் மூன்று நொடிக் காட்சியை நான் கார்ட்டூனாக மாற்றிய முறையை உதாரணமாக வைத்து இதை விளக்குகிறேன்.

நூறு வருடத்துக்கு முந்தைய யோசனை

அமெரிக்காவில் மேக்ஸ் ஃபிளைஷர் என்பவர் 1915-ல் இதற்கான கருவியை உருவாக்கினார். 1917-ல் காப்புரிமை கிடைத்தது. கருவி மிக எளிமையானது. சினிமா புரொஜெக்டர் ஒவ்வொரு ஃபிரேமாக ஒரு கண்ணாடியின் பின்பக்கத்தில் படத்தை விழ வைக்கும். கண்ணாடியின் முன்பக்கம் காகிதத்தை வைத்து, தெரிகிற உருவத்தை வரைந்து கொள்வார்கள். ஃபிளைஷரின் தம்பி டேவ் கோமாளி உடை அணிந்து ஆடினார். அதைப் படம் பிடித்து, மேலே வரைந்ததில் பிறந்ததுதான் 'கோகோ' என்ற கோமாளி கார்ட்டூன்.

நம் வாசகர்களில் பலருக்கு நன்கு தெரிந்த உதாரணம் வேறு ஒன்று. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' கேம்! 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளிவந்து, பிறகு டாஸ் கம்ப்யூட்டர்களுக்கும் வந்த இந்த கேமில் இளவரசன் ஓடுவதும், பள்ளத்தைத் தாண்டுவதும், விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏறுவதும் அப்போதைய கேம்களில் காணாத அளவுக்கு இயல்பாக இருந்தன. காரணம், அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை டி.வி. திரையில் ஓட விட்டு, ஃபிரேம் ஃபிரேமாக ஸ்டில் கேமராவில் படம் எடுத்தார். பிரின்ட் போட்டு, உருவத்தின் ஓரத்தை மார்க்கர் பேனாவால் எடுப்பாக்கி, அதன் பிறகு கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சின்ன இளவரசனுக்கு முகம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சில புள்ளிகள்தான். ஆனாலும் டேவிட்டின் ஓட்டம் அதில் அப்படியே இருக்கிறது. முகம் போய் விட்டாலும் அசைவு நிற்கிறது. ரோட்டோஸ்கோப்பின் சூட்சுமமே இதுதான்.

முதலில் கணக்கு போடுங்கள்

இந்த வேலையை ஆரம்பிப்பவர்களில் பலர் பாதியில் நிறுத்துவதற்குக் காரணம், கணக்கு போடாமல் ஆரம்பிப்பதுதான். செல்ஃபோன் வீடியோவில் பொதுவாக நொடிக்கு 30 ஃபிரேம்கள் இருக்கும். 10 நொடி என்றால் 300 படங்கள். ஒரு படத்துக்கு 4 நிமிடம் என்று வைத்துக் கொண்டால் 20 மணி நேரம்! இரண்டாம் நாளே ஆர்வம் போய் விடும்.

கார்ட்டூன் வேலையில் எல்லா ஃபிரேமையும் வரைய வேண்டியதில்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும், ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நேரம் நிறுத்திக் காட்டி, நொடிக்கு 12 படங்களோடு முடித்துக் கொள்வது நீண்ட காலப் பழக்கம். கண் அதை ஏற்றுக் கொள்ளும். ஆயில் பெயின்ட்டால் வரையப்பட்ட 'லவ்விங் வின்சென்ட்' (2017) என்ற முழு நீளப் படம்கூட நொடிக்கு 12 ஓவியங்கள் என்ற கணக்கில்தான் செய்யப்பட்டது. அதற்கே சுமார் 65,000 ஓவியங்கள் தேவைப்பட்டன. 1985-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'டேக் ஆன் மீ' பாடல் வீடியோவின் பென்சில் காட்சிகளுக்கு சுமார் 3,000 ஃபிரேம்கள் வரைய 16 வாரங்கள் ஆயின.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். கயிறு தாண்டுவது, ஊஞ்சல் ஆடுவது, மாவு சலிப்பது, காபி ஆற்றுவது போன்றவை. ஒரு சுற்றை மட்டும் வரைந்து, அதையே மீண்டும் மீண்டும் ஓட விடலாம். அம்மா டம்ளரிலிருந்து டவராவுக்கும், டவராவிலிருந்து டம்ளருக்கும் ஊற்றும் ஒரு முழுச் சுற்றுக்கு 3 நொடி ஆகிறது. 3 × 12 = 36 படங்கள். படத்துக்கு 4 நிமிடம் என்றால் 2 மணி 24 நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்து விடலாம்.

வீடியோ எடுக்கும்போது

வரையும் நேரத்தில் வரும் தொல்லைகளில் பாதியை வீடியோ எடுக்கும்போதே தவிர்த்து விடலாம்.

* ஃபோனைக் கையில் பிடிக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் சாய்த்து வையுங்கள். கேமரா ஆடினால் அந்த ஆட்டத்தையும் சேர்த்து வரைய வேண்டி வரும்.

* பகல் வெளிச்சத்தில், ஜன்னல் அருகில் எடுங்கள். இருட்டில் எடுத்தால் வேகமாக அசையும் கை, புகை போல மங்கலாகப் பதிவாகும். எங்கே கோடு போடுவது என்று தெரியாது.

* உடையும் பின்னணியும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சுவருக்கு முன் கரும்பச்சைப் புடவை நன்றாகத் தெரிந்தது.

* பக்கவாட்டிலிருந்து எடுங்கள். நேராக எடுத்தால் கை உடம்பின் மேலேயே விழுந்து, எது கை எது உடம்பு என்ற குழப்பம் வரும்.

* கை உயரும் எல்லை வரை ஃபிரேமுக்குள் இடம் விடுங்கள்.

* 4கே வேண்டாம், 720 அல்லது 1080 போதும். திறந்த நிலையில் ஒரு 4கே ஃபிரேம் மெமரியில் சுமார் 33 எம்.பி. எடுத்துக் கொள்ளும். 36 ஃபிரேமுக்கு ஒரு ஜி.பி.க்கு மேல் ஆகி விடும். 720 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 4 எம்.பி.கூட ஆகாது.

* இன்னொரு முக்கியமான விஷயம். யாரை எடுக்கிறீர்களோ அவரிடம் சொல்லி விட்டு எடுங்கள். பிறர் எடுத்த சினிமாக் காட்சியின் மேல் வரைந்து பழகுவது வேறு. அதை வெளியிட்டால் காப்புரிமைப் பிரச்னை வரும். சொந்தமாக எடுத்த வீடியோவே நல்லது.

கிரிட்டாவில் வீடியோவைத் திறத்தல்

நான் பயன்படுத்துவது கிரிட்டா என்ற ஓவிய சாஃப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். அதன் இணைய தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 5.0 பதிப்பிலிருந்து வீடியோவை நேரடியாக உள்ளே கொண்டு வரும் வசதி வந்து விட்டது. பழைய பதிப்பு வைத்திருந்தால் புதியதை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள்.

1. ஃபைல் மெனுவில் 'இம்போர்ட் வீடியோ அனிமேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தோன்றும் டயலாக் பாக்ஸில் உங்கள் வீடியோ ஃபைலைக் காட்டுங்கள்.

2. எந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற விவரங்களைக் கொடுங்கள். நொடிக்கு 12 என்று தரவும். தொடங்கும் இடத்தில் கைகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, முடியும் இடத்திலும் அதே நிலையில் இருக்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். அப்போதுதான் சுற்று வெட்டுத் தெரியாமல் ஓடும்.

3. விண்டோ மெனுவில் 'வொர்க்ஸ்பேஸ்' சென்று 'அனிமேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே டைம்லைன் தோன்றும். வீடியோவின் ஃபிரேம்கள் சிறு கட்டங்களாக வரிசையில் இருக்கும்.

4. வீடியோ உள்ள லேயரின் ஒபேசிட்டி அளவை 40 சதவீதமாகக் குறையுங்கள். படம் வெளுத்துத் தெரியும், உங்கள் கோடு பளிச்சென்று தெரியும். பூட்டு ஐகானைக் கிளிக் செய்து அந்த லேயரைப் பூட்டி விடுங்கள். தவறி அதில் வரைந்து விட மாட்டீர்கள்.

5. மேலே ஒரு புதிய பெயின்ட் லேயரைச் சேருங்கள். டைம்லைனில் அந்த லேயரின் முதல் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து வெற்று ஃபிரேம் ஒன்றை உருவாக்குங்கள். அதில் வரையுங்கள். அடுத்த கட்டத்துக்குச் சென்று இதையே செய்யுங்கள்.

6. டைம்லைனில் லேயரின் பெயருக்கு அருகில் உள்ள மின்விளக்கு ஐகானைக் கிளிக் செய்தால் 'ஆனியன் ஸ்கின்' வேலை செய்யத் தொடங்கும். முந்தைய, அடுத்த படங்கள் மங்கலான நிறத்தில் தெரியும்.

பென் டேப்லெட் இருந்தால் வசதி. மவுஸ் மட்டும்தான் என்றாலும் கவலையில்லை. பிரஷ் டூலின் ஆப்ஷன்களில் 'ஸ்டெபிலைசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையின் நடுக்கத்தை அது சமன் செய்து கோட்டை வழுவழுப்பாகத் தரும். பிரஷ்ஷின் அளவை ஆரம்பத்தில் ஒருமுறை முடிவு செய்து விட்டு, கடைசி வரை மாற்றாதீர்கள்.

வரையும் வரிசை

முதல் ஃபிரேமை முழுவதும் வரைந்து, பிறகு இரண்டாவதை முழுவதும் வரைந்து என்று போனால், பத்தாவது படத்தில் தலை கொஞ்சம் பெரிதாகியிருக்கும், இருபதாவது படத்தில் கை மெலிந்திருக்கும். நான் பின்பற்றும் முறை வேறு.

முதலில் முக்கிய நிலைகளை மட்டும் வரைந்து விடுகிறேன். காபி ஆற்றுவதில் இவை நான்கு: டம்ளர் உச்சியில் இருக்கும் நிலை, இரண்டு கைகளும் நெருங்கும் நிலை, டவரா உச்சியில் இருக்கும் நிலை, மீண்டும் கைகள் நெருங்கும் நிலை. இந்த நான்கும் ஒரே ஆளாகத் தெரிந்தால் மற்றவை வழி தவறாது.

பிறகு ஓர் உறுப்பை எடுத்துக் கொண்டு எல்லா ஃபிரேமிலும் அதை மட்டும் வரைகிறேன். தலை முழுவதும் முடிந்த பிறகு வலது கை. அது முடிந்த பிறகு இடது கை. அதன் பின் டம்ளர், டவரா. கடைசியில் காபியின் தாரை. ஒரே வளைவைத் தொடர்ந்து 36 முறை போடும்போது கைக்கு அது பழகி விடுகிறது. கோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் வைத்துக் கொண்டால் திருத்துவதும் எளிது.

மேடை, அடுப்பு, சுவர் போன்ற அசையாத பொருட்களை ஒரே ஒரு முறை தனி லேயரில் வரைந்தால் போதும். அவற்றை ஃபிரேமுக்கு ஃபிரேம் வரைந்தால், அடுப்பு நடுங்குவது போல் தெரியும்!

உடம்பின் கோடுகள் லேசாகத் துடிப்பது இந்த முறையின் இயல்பு. அதைப் பலர் அழகாகவே நினைக்கிறார்கள். அதிகமாகத் துடித்தால், ஆனியன் ஸ்கின்னைப் பார்த்து முந்தைய கோட்டுக்கு அருகிலேயே அடுத்த கோட்டைப் போடுங்கள். கை மங்கலாகப் பதிவான ஃபிரேம் வந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்து நடுவில் கை எங்கே இருக்கும் என்று ஊகித்து வரையுங்கள்.

ஐந்தாறு படங்களுக்கு ஒருமுறை வீடியோ லேயரை மறைத்து விட்டு ஓட்டிப் பாருங்கள். வீடியோ கீழே இருக்கும் வரை எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். அதை மறைத்தால்தான் உங்கள் கோடுகளின் உண்மையான நிலை தெரியும்.

எதை வரையக் கூடாது?

புதிதாகச் செய்பவர்கள் திரையில் தெரிவதை எல்லாம் வரைந்து விடுவார்கள். புடவையின் மடிப்பு, வளையல், விரல் நகம், மூக்கு, கண் இமை என்று எதையும் விட மாட்டார்கள். ஓட விட்டால் ஏகப்பட்ட கோடுகள் நெளியும். கண் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கும். அசைவு அடிபட்டுப் போகும்.

எவ்வளவு குறைவான கோடுகள் போதும் என்பதற்கு ஓர் அருமையான அறிவியல் சான்று இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியல் அறிஞர் குன்னார் யொஹான்சன் 1973-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி, இருட்டில் நடக்க வைத்துப் படம் எடுத்தார். திரையில் தெரிவது சில வெளிச்சப் புள்ளிகள் மட்டுமே. நிற்கும்போது அவை வெறும் புள்ளிகள். அசையத் தொடங்கியதும் பார்ப்பவர்கள் அது நடக்கும் மனிதன் என்று உடனே கண்டு கொண்டார்கள். 1977-ல் வேறு இரு ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட புள்ளிகளின் நடையை மட்டும் வைத்து நண்பர்களை அடையாளம் காண முடிகிறது என்று காட்டினார்கள்.

எனவே நான் அம்மாவின் முகத்தை வரையவில்லை. தலைக்கு ஒரு முட்டை வடிவம், பின்னால் ஒரு கொண்டை, கழுத்திலிருந்து முதுகு வரை ஒரு வளைவு, இரண்டு கைகள், பாத்திரங்கள், காபியின் தாரை. அவ்வளவுதான். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு எந்தக் குறிப்பும் எழுதாமல் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அம்மா எப்ப கார்ட்டூன் ஆனாங்க?" என்று பதில் வந்தது.

அப்படியே வரைவதா, மாற்றி வரைவதா?

வீடியோவில் உள்ளதை அச்சு அசலாக வரைந்தால் சில நேரம் உயிரில்லாமல் இருக்கும். வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் 'ஸ்னோ ஒயிட்' (1937) படத்துக்காக மார்ஜ் பெல்ச்சர் என்ற இளம் நடனக் கலைஞரை நடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஆனால் அப்படியே மேலே வரைந்தால் விறைப்பாக வருகிறது என்பதைக் கண்டு, அதை ஒரு வழிகாட்டியாக வைத்துக் கொண்டு, அசைவைக் கொஞ்சம் பெரிதாக்கியும் எளிமையாக்கியும் வரைந்தார்கள். நீங்களும் தாரையின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டலாம், தலையின் சாய்வைக் கொஞ்சம் அதிகப்படுத்தலாம்.

எதை மாற்றுவது என்பதுதான் கேள்வி. வலது கையை வரிசையாக வரைந்து கொண்டு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். டவரா இடது கையில் நெற்றி வரை உயர்கிறது. டம்ளர் வலது கையில் மோவாய்க்கு மேல் போகவில்லை. அந்த நேரத்தில் தலையும் வலது பக்கம் லேசாகச் சாய்கிறது. தினமும் பார்க்கும் காட்சிதான். ஆனால் 36 முறை கோடு போட்டபோதுதான் கண்ணில் பட்டது. கேட்டதற்கு, "மூணு மாசமாவே தோள் வலிக்குதுடா, இதையெல்லாம் சொல்லிட்டு இருக்கணுமா" என்றார். அடுத்த வாரம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வலிக்குப் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வலது கையை உயர்த்தி வரைந்திருந்தால் படம் இன்னும் அழகாக வந்திருக்கும். நான் உயர்த்தவில்லை. அது என் அம்மாவின் கை. அவர் இப்போது அப்படித்தான் ஆற்றுகிறார். கதைக்காக வரையும் கதாபாத்திரம் என்றால் தாராளமாக மாற்றுங்கள். தெரிந்த ஒருவரை வரைகிறீர்கள் என்றால், மாற்றுவதற்கு முன் அந்த அசைவு ஏன் அப்படி இருக்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள்.

வீடியோ ஃபைலாக மாற்றுதல்

வேலை முடிந்ததும் வீடியோ லேயரை மறைத்து விடுங்கள். பின்னால் வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறத்தில் ஒரு லேயர் வைக்கலாம். ஃபைல் மெனுவில் 'ரெண்டர் அனிமேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வீடியோ என்பதையும் எம்.பி.4 ஃபார்மட்டையும் தரவும். ஜிஃப் ஆகவும் மாற்றலாம். கிரிட்டா ஃபைலையும் தனியாகச் சேமித்து வையுங்கள். பிறகு திருத்த அதுதான் உதவும்.

ஒலி சேர்க்க வேண்டுமானால், காபி ஆற்றும் சத்தத்தை ஃபோனில் தனியாகப் பதிவு செய்து, ஷாட்கட் அல்லது ஓப்பன்ஷாட் போன்ற இலவச வீடியோ எடிட்டரில் கார்ட்டூனை நான்கைந்து முறை அடுத்தடுத்து வைத்து இணைத்து விடுங்கள். சத்தம் சேர்ந்ததும் படத்தின் மதிப்பு கூடுவதை நீங்களே உணர்வீர்கள்.

சில கேள்விகள்

வீடியோவைத் தானாகவே கார்ட்டூனாக மாற்றும் ஆப்கள் இருக்கின்றனவே, எதற்கு இவ்வளவு கஷ்டம்? அவசரத்துக்கு அவை நல்லவைதான். ஆனால் எந்தக் கோடு வேண்டும், எது வேண்டாம் என்பதை அங்கே சாஃப்ட்வேர் முடிவு செய்கிறது. இங்கே நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

சினிமா ஸ்டுடியோக்களில் 'ரோட்டோ' வேலை என்கிறார்களே, அதுவும் இதுதானா? வேர் ஒன்றுதான், நோக்கம் வேறு. அங்கே நடிகரின் உருவத்தைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாக எல்லை போட்டு வெட்டி எடுத்து, வேறு பின்னணியில் வைப்பார்கள். பார்வையாளருக்கு அந்தக் கோடு தெரியவே கூடாது.

மோஷன் கேப்சர் என்பது? அது இதன் முப்பரிமாணத் தம்பி எனலாம். 'கோச்சடையான்' (2014) படத்தில் செய்தது போல, நடிகரின் அசைவைக் கருவிகள் மூலம் பதிவு செய்து கம்ப்யூட்டர் உருவத்துக்குக் கொடுப்பது.

முதல் முயற்சிக்கு 36 படங்களுக்கு மேல் போகாதீர்கள். வீட்டில் உள்ள ஒருவர் தினமும் செய்யும் ஒரு செயலை எடுத்துக் கொள்ளுங்கள். தாத்தா செய்தித்தாளை மடிப்பதோ, பாட்டி பூ கட்டுவதோ, பையன் ஷூ லேஸ் முடிவதோ எதுவாகவும் இருக்கலாம். முகத்தை விட்டு விட்டு, அசைவை மட்டும் வரைந்து, மற்றவர்களிடம் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சரியாகச் சொல்லி விட்டால் உங்கள் கார்ட்டூன் வெற்றி!